பூவையும் புழுவையும் வரைந்த குடும்பம்: ஹார்மானிஸ் டி அல்விஸ்

ஐப்பசியில் தொடங்கும் மாரி நிலத்தை நன்கு நனைத்துவிட்டால், கார்த்திகை பிறக்கும்போது சண்டிலிப்பாயின் கிளுவை வேலிகளில் கார்த்திகைப்பூ தலைகாட்டத் தொடங்கும். கல்வளைப் பிள்ளையார் கோயில் சூழலிலும், மழைக்காலத்தில் மட்டும் நீர் கண்டு ஓடும் வழுக்கையாற்றின் வயற்கரைகளிலும் அந்தச் செடி யாரும் நாட்டாமலே படர்கிறது. மஞ்சளும் சிவப்புமாய் எரியும் அதன் இதழ்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதன் இலைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கொடிக்குப் பற்றுக்கம்பியாகிவிடுகிறது. இதழ்கள் பின்புறமாக மடிந்து மேல்நோக்கி நிற்கின்றன. பூவின் சூலகத்திலிருந்து எழும் தண்டு, அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் பக்கவாட்டாக வளைந்துவிடுகிறது. பூவை ரசிப்பவர் இவற்றைக் கவனிக்காமல் கடந்துபோகலாம். அதை அறிவியலுக்காக வரைபவர் ஒன்றைக்கூடத் தவறவிட முடியாது. ஒன்று பிசகினாலும் அந்தப் படம் வேறொரு செடியின் படமாகிவிடும்.

இத்தகைய பார்வையோடு இலங்கைத் தீவின் தாவரங்களை 38 ஆண்டுகள் தொடர்ந்து வரைந்த ஒருவர் பேராதனையில் வாழ்ந்தார். ஹார்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்பது அவர் பெயர். 1792இல் பிறந்து 1894இல் மறைந்த அந்தச் சிங்கள ஓவியரின் பெயர், இத்தீவின் இயற்கை வரலாற்றை அறிந்தோர்க்கு நன்கு பழக்கமானது. தமிழ் வாசகர் மத்தியில் அது போதிய அளவு பேசப்படவில்லை. அவர் பணியாற்றிய தாவரவியற் பூங்காவின் ஆங்கிலேய அதிபர்களைப் பற்றி நூல்கள் உண்டு, கட்டுரைகள் உண்டு. அவர்கள் வந்தும் போயும் மாண்டும் மறைந்த காலமெல்லாம் அங்கே நிலைத்திருந்தவர் இந்த ஓவியர்தாம். பூங்காவின் நினைவு அவரது தூரிகையில்தான் உயிரோடு இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இலங்கையின் தாவரங்கள் ஐரோப்பிய ஏடுகளில் ஏறிய கதை அவருக்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672இல் இங்கு வந்த போல் ஹெர்மன் என்ற ஜெர்மானியர், செடிகளை உலர்த்தி ஏடுகளில் ஒட்டியும் சிலவற்றைப் படமாக வரைந்தும் பெருந்தொகுப்பொன்றைச் சேர்த்தார். 1680இல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்ற அவர், அத்தொகுப்பை முழுமையாக வெளியிடாமலே 1695இல் இறந்துபோனார். ஏடுகள் கைமாறின, நெடுங்காலம் எங்கே இருக்கின்றன என்றே தெரியாதிருந்தன. பின்னர் டென்மார்க்கின் அரச மருந்தாளர் ஒருவரிடம் கிடைத்து, அவர் மூலம் சுவீடனில் இருந்த லின்னேயஸின் கைக்கு வந்தன. அவற்றை வைத்துக்கொண்டுதான், இலங்கை மண்ணில் ஒருபோதும் கால்வைக்காத லின்னேயஸ், 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். அறுநூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் அதில் இடம்பெற்றன. நமது கார்த்திகைப்பூவும் அவற்றுள் ஒன்று. இன்று அந்த ஏடுகள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஹெர்மனுக்குப் பின் ஒல்லாந்தர் காலத்திலேயே கொழும்பில் பீட்டர் கோர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியர் தோன்றினார். இங்கேயே பிறந்த கலப்பினத்தவரான அவர், 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த லோட்டனுக்காகப் பறவைகளையும் பிற உயிரினங்களையும் வரைந்தார். அவர் படங்களும் கடல் கடந்தன. ஐரோப்பிய நூல்களில் அவற்றைப் பார்த்துப் புதிய பறவைகளுக்குப் பெயரிட்டார்கள். ஆக, இலங்கையரின் கை வரைவதும் ஐரோப்பியரின் கை பெயரிடுவதும் என்ற வழக்கம் டி அல்விஸ் பிறப்பதற்கு முன்பே ஏற்பட்டுவிட்டது.

ஆங்கிலேயர் வந்தபின் முதலில் கொழும்பிலும் பின்னர் களுத்துறையிலும் தாவரவியல் தோட்டம் அமைத்தனர். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1817இல் அத்தோட்டத்தின் மேற்பார்வையாளராக வந்த அலெக்சாண்டர் மூன், 1821இல் அதை மகாவலி வளைந்தோடும் பேராதனைக்கு மாற்றினார். அந்த நிலம் கண்டி அரசர்களின் தோட்டமாக முன்பு இருந்தது. மூன் ஊக்கம் மிக்கவர். தீவில் வளரும் ஆயிரத்துக்கும் அதிகமான செடிகளைச் சிங்களப் பெயர்களோடு தொகுத்து 1824இல் கொழும்பில் அச்சிட்டார். அவருக்கு வரைஞர் ஒருவர் தேவைப்பட்டார். 1823இல் அப்பணியில் அமர்ந்தவர்தாம் ஹார்மானிஸ் டி அல்விஸ். அப்போது அவருக்கு வயது 31.

அதே 1823இல், சண்டிலிப்பாயிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தமது செமினரியைத் தொடங்கினர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. கணிதமும் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் தமிழ் மாணவர்க்கு அங்கே கற்பிக்கப்பட்டன. பின்னர் பக்கத்து ஊரான மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்க்கும் பெரும்பணியை மேற்கொண்டார். உடற்கூற்றியல் பற்றிய பெருநூலொன்று 1872இல் தமிழில் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு மேலை விஞ்ஞானம் பெரிதும் சொல்லாக வந்தது. பேராதனையில் அது கோடும் வண்ணமுமாக வந்தது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தீவில் நிகழ்ந்தவை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. எப்படிச் சந்தித்தன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

தாவர ஓவியம் என்றதும் பூச்சாடியில் வைத்த மலர்களின் படத்தை நினைத்துக்கொள்ளக்கூடாது. ஒரு செடி காட்டிலிருந்து பறித்து வரப்பட்ட மறுகணமே வாடத் தொடங்குகிறது. முதலில் பூவின் நிறம் மாறும். பின் இதழ் தொய்யும். இலை சுருளும். ஓவியர் அதற்குமுன் பென்சிலால் அதன் வடிவத்தைப் பிடித்தாக வேண்டும். கிளை எப்படி நிற்கிறது, இலைகள் எதிரெதிராக உள்ளனவா மாறி மாறி உள்ளனவா, இலையின் அடிப்புறத்தில் உரோமம் உண்டா, நரம்புகள் எத்தனை என்பனவெல்லாம் அளவு பிசகாமல் வர வேண்டும். பிறகு நீர்வண்ணம். பச்சை ஒன்றுதான் என்று நினைப்பவர், தளிருக்கும் முற்றிய இலைக்கும் அதன் அடிப்புறத்துக்கும் எத்தனை பச்சைகள் உண்டென்பதை அந்த வேலையில் இறங்கினால்தான் அறிவார்.

அதன்பின் வருவது இன்னும் நுண்ணிய வேலை. பூவைப் பிளந்து, மகரந்தத் தண்டுகளை எண்ணி, சூலகத்தைக் குறுக்கே வெட்டி, அதனுள் விதைகள் எத்தனை அறைகளில் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே பார்த்து, அவற்றைத் தாளின் ஓரத்தில் சிறு சிறு படங்களாகப் பெருக்கி வரைய வேண்டும். தாவரவியலாளருக்கு உண்மையில் பயன்படுவது நடுவிலுள்ள அழகிய கிளையைவிட ஓரத்திலுள்ள அந்தச் சிறு படங்களே. ஒரு செடி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. ஆகவே அந்த ஓவியர் செடியின் உள்ளமைப்பைப் புரிந்திருந்தாலன்றி அதை வரைய முடியாது. டி அல்விஸைச் சம்பளத்துக்குக் கைவேலை செய்த படவரைஞர் என்று மட்டும் கணக்கிடுவது இந்த ஒரு காரணத்தாலேயே பொருந்தாது.

உலர்த்திய செடி இருக்கும்போது படம் எதற்கு என்று கேட்கலாம். கார்த்திகைப்பூவை உலர்த்திப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் போய்விடும். மேல்நோக்கி நின்ற இதழ்கள் தாளில் நசுங்கித் தட்டையாகிவிடும். வெப்ப நாட்டின் சதைப்பற்றுள்ள செடிகளும் ஓர்க்கிட்டுகளும் உலர்ந்தபின் அடையாளமே தெரியாமல் போய்விடுகின்றன. உலர்ந்த மாதிரியும் உயிருள்ளதைப் பார்த்து வரைந்த படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஆராய்ச்சி நிறைவுபெறும்.

பேராதனைக் காற்றின் ஈரம் தாளுக்குப் பகை. பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் எந்நேரமும் காத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் படங்கள் நூற்றுக்கணக்கிலும் பின்னர் ஆயிரக்கணக்கிலும் சேர்ந்தன.

மூன் நெடுங்காலம் வாழவில்லை. நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே, 1825இல், இறந்துவிட்டார். அவருக்குப்பின் 1827இல் வந்த ஜேம்ஸ் மக்ரே, பசிபிக் தீவுகள்வரை கப்பலேறிச் செடி சேகரித்தவர். அவரும் 1830இல் இங்கேயே மறைந்தார். பிறகு வந்தவர்கள் எவரும் பெயர் சொல்லும்படி தாவரவியல் அறிந்தவர்கள் அல்லர். மூன் மறைந்ததிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேராதனைத் தோட்டம் பெயருக்கே தாவரவியல் தோட்டமாக இருந்தது. பலாவும் தென்னையும் காய்கறியும் பயிரிட்டு, அவற்றைக் கண்டியில் விற்றுக் காசாக்குவதே அங்கு முக்கிய அலுவல் ஆயிற்று. அரசாங்கத்துக்கும் அதில் குறை தெரியவில்லை. கோப்பிப் பயிர் செழித்துப் பணம் கொழித்த காலம் அது. காட்டுச் செடியின் பெயரைப் பற்றி யாருக்குக் கவலை?

இந்த இருபது ஆண்டுகளில்தான் டி அல்விஸின் பெறுமதி தெரிகிறது. விஞ்ஞானம் தெரிந்த மேலதிகாரி எவரும் இல்லாத ஒரு நிறுவனத்தில், பலாக்காய் விற்றுக் கணக்கெழுதிய அலுவலகத்தில், ஒருவர் தமது பதவியில் நீடித்து நின்றார். மூனின் காலத்தில் எந்தச் செடி எங்கே கிடைத்தது, அதைச் சிங்களத்தில் எப்படி அழைக்கிறார்கள், எந்த மாதத்தில் பூக்கும் என்பதெல்லாம் தெரிந்த மனிதராக அங்கே எஞ்சியிருந்தவர் அவரே. அரசு அவருக்கு முகாந்திரம் என்ற பட்டத்தை அளித்தது. உள்ளூர் அலுவலர்களைக் கௌரவிக்கக் காலனித்துவ அரசு கையாண்ட பட்டங்களுள் அது ஒன்று. கிராமத் தகராறுகளைத் தீர்த்தவர்க்கும் வரி திரட்டியவர்க்கும் கிடைத்த அதே பட்டம் தாவரம் வரைந்தவர்க்கும் கிடைத்தது. வேறு எந்தப் பட்டத்தைக் கொடுப்பதென்று அன்றைய ஆட்சியாளர்க்குத் தெரிந்திருக்காது.

1844இல் நிலைமை மாறிற்று. பிரேசில் நாட்டின் உள்நிலங்களில் பல ஆண்டுகள் அலைந்து செடி சேகரித்த ஜோர்ஜ் கார்ட்னர் மேற்பார்வையாளராக வந்தார். காய்கறித் தோட்டமாகிக் கிடந்த பேராதனையை மீண்டும் தாவரவியல் நிலையமாக்க அவர் முயன்றார். தீவெங்கும் சுற்றிச் செடிகளைச் சேகரித்து, இலங்கைத் தாவரங்கள் பற்றிய முழு நூலொன்றுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவர், 1849இல் நுவரெலியாவில் திடீரென இறந்தார். நூல் எழுதப்படவில்லை. மூன், மக்ரே, கார்ட்னர் என்று மூன்று தாவரவியலாளர்களை அந்தப் பதவி பலிகொண்டிருந்தது. ஓவியர் அப்போதும் தமது வேலையைத் தொடர்ந்தார்.

அதே ஆண்டு வந்தவர் ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவெயிற்ஸ். இவர் பிரிஸ்டல் நகரத்தவர். நுணுக்குக்காட்டி வேலையில் தேர்ந்தவர். நீரில் வாழும் மிகச் சிறிய தயற்றங்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி இங்கு வருமுன்பே ஆராய்ந்து புகழ்பெற்றிருந்தார். 1880வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேராதனையை விட்டு அவர் அகலவில்லை. ஓய்வுபெற்றபின்னும் தாய்நாடு திரும்பாமல் 1882இல் கண்டியில் காலமானார். அவரும் டி அல்விஸும் சேர்ந்திருந்த பன்னிரண்டு ஆண்டுகளே பேராதனைத் தாவர ஓவியத்தின் பொற்காலம் எனலாம். நுணுக்குக்காட்டியில் எதைக் காண வேண்டும் என்று அறிந்த அதிகாரியும், கண்டதைத் தாளில் இறக்க வல்ல ஓவியரும் ஒருவருக்கொருவர் வாய்த்தனர்.

துவெயிற்ஸ் தமது பெருநூலை 1858 முதல் 1864வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். இலங்கையின் பூக்கும் தாவரங்களை முறைப்படி விவரித்த அந்நூல் இலத்தீன் மொழியில் அமைந்தது. தமது ஓவியரின் தாவர அறிவைத் துவெயிற்ஸ் மதித்துப் பாராட்டினார். ஆயினும் அந்த நூலில் படங்கள் இல்லை! வண்ணப் படங்களை அச்சிடுவது பெருஞ்செலவு. கற்பலகை அச்சில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டிய காலம் அது. ஆகவே செடிகளின் விவரணங்கள் ஐரோப்பிய நூலகங்களுக்குச் சென்றன. அச்செடிகளின் படங்கள் பேராதனையில் பெட்டகங்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. அங்கே சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் மிகப் பெரும்பகுதி டி அல்விஸின் கையால் ஆனவை. 1861இல் 69ஆவது வயதில் அவர் ஓய்வுபெற்றபோது அவற்றுள் மிகச் சிலவே உலகின் கண்ணில் பட்டிருந்தன.

துவெயிற்ஸ் வேறொரு வகையில் அவருக்கு மரியாதை செய்தார். மரப்பட்டையில் ஒட்டி வாழும் மிகச் சிறிய ஓர்க்கிட் ஒன்று இலங்கைக் காடுகளில் உண்டு. அதற்கு இலையே கிடையாது. பட்டையோடு ஒட்டிப் படரும் பச்சை வேர்களே இலையின் வேலையைச் செய்து உணவு தயாரிக்கின்றன. பூ இல்லாத காலத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அத்தகைய ஓர்க்கிட் ஒன்றுக்கு அல்விசியா என்று பேரினப் பெயரிட வேண்டுமெனத் துவெயிற்ஸ் கருதினார். இங்கிலாந்தின் ஓர்க்கிட் நிபுணர் லிண்ட்லி அதை அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பேரினம் நிலைக்கவில்லை. முன்பே அறியப்பட்ட மற்றொரு பேரினத்துக்குள் அது அடங்கிவிட்டது. இருந்தபோதிலும் தேனியோபில்லம் அல்விசியை என்ற சிற்றினப் பெயரில் ஓவியரின் பெயர் இன்றும் நிற்கிறது. தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாத ஒரு மனிதரின் பெயரைத் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாத ஒரு செடிக்கு வைத்தது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஓய்வோடு கதை முடியவில்லை. தொழில் வீட்டுக்குள்ளேயே கைமாறிற்று. தந்தைக்கு ஐம்பது வயதானபோது, 1842இல், பிறந்த புதல்வர் வில்லியம் டி அல்விஸ் பேராதனையின் ஓவியரானார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் டி அல்விஸும் உடன் வரைந்தார். நம்மிடையே கோயிற் சிற்பமும் நாதசுரமும் மருத்துவமும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றதுபோலவே, பூவைப் பிளந்து பார்க்கும் ஐரோப்பிய விஞ்ஞானக் கலையும் இங்கு வந்து ஒரு குடும்பத் தொழிலாயிற்று. தந்தை வரைந்தது செடி. பிள்ளைகளின் காலத்தில் அந்தச் செடியை உண்ணும் பூச்சிகளும் படத்துள் வந்தன.

இதன் அவசியத்தை விளங்கிக்கொள்ள மீண்டும் சண்டிலிப்பாய்க்கு வருவோம். வீட்டுக் கோடியில் நிற்கும் தேசிமரத்தின் தளிரில், பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சிறு புழுக்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். சில நாட்களில் அவை தோலுரித்துப் பளிச்சென்ற பச்சை நிறம் அடையும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவர்போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். பிறகு கூட்டுப்புழுவாகி, மஞ்சளும் கறுப்புமான வண்ணாத்திப்பூச்சியாகப் பறந்துபோகும். எருக்கஞ்செடியிலோ கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையமிட்ட வேறொரு புழு. அது செம்மஞ்சள் நிற வண்ணாத்திப்பூச்சியாகும். ஆடுதின்னாப்பாளையை உண்டு வளர்வது இன்னொன்று.

வளர்ந்த வண்ணாத்திப்பூச்சியைப் பிடித்து உலர்த்தி ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தால் அதன் சிறகு நூறு ஆண்டானாலும் நிறம் அதிகம் மாறாது. புழு அப்படியல்ல. அதைச் சாராயத்தில் இட்டாலும் உலர்த்தினாலும் பச்சை போய், வடிவமும் குலைந்துவிடும். அதனால் இலண்டனில் இருந்த பூச்சியியலாளர்களிடம் சிறகுகள் குவிந்து கிடந்தன. எந்தப் புழு எந்தச் சிறகாக மாறும் என்பது பல இனங்களில் அவர்களுக்குத் தெரியாது. புழுவை உயிரோடு கொண்டுவந்து, அது உண்ணும் இலையைக் கொடுத்து வளர்த்து, ஒவ்வொரு நிலையிலும் வரைந்து, கடைசியில் வெளிவரும் பூச்சியையும் அதே தாளில் சேர்த்தால்தான் விடை கிடைக்கும். பேராதனையில் துவெயிற்ஸின் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்தினர் செய்தது இந்த வேலையைத்தான். செடிகளைப் பெயரோடு அறிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தப் புழுவுக்கு எந்த இலை என்று தேடுவது பாதி தெரிந்த பாடமாக இருந்திருக்கும். மயிர்க்கொட்டியைக் கண்டு நாம் விலகி ஓடுவோம். அதன் ஒவ்வொரு மயிரையும் எண்ணி வரைந்தவர்கள் அவர்கள்.

இதே முறையை உலகுக்குக் காட்டிய முன்னோடி மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மானியப் பெண்மணி. 1647இல் பிராங்பேர்ட்டில் பிறந்து, 1699இல் 52ஆவது வயதில் இளைய மகளுடன் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறி, அங்குள்ள பூச்சிகளை அவை வாழும் செடிகளோடு சேர்த்து வரைந்து 1705இல் 60 படங்கள் கொண்ட நூலாக வெளியிட்டவர் அவர். அவர் நூலுக்கு அவரே ஆசிரியர். படமும் பெயரும் அவருடையவை. பேராதனைக் குடும்பத்துக்கு அந்த நிலை வாய்க்கவில்லை.

அவர்களது படங்கள் இலண்டனில் பிரடெரிக் மூர் எழுதிய நூலுக்குச் சென்றன. இலங்கை அரசாங்கத்தின் ஆதரவில் 1880 முதல் 1887வரை மூன்று தொகுதிகளாக வந்த அந்த நூல், இத்தீவின் வண்ணாத்திப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் 215 வண்ணப் படங்களோடு காட்டியது. இன்றும் ஏலத்துக்கு வந்தால் பெருவிலை போகும் நூல் அது. வாங்குவோர் படத்துக்காகவே வாங்குகின்றனர் என்று துணிந்து சொல்லலாம். நூலை அழைப்பது மட்டும் மூரின் பெயரால்.

தமிழகத்திலும் இதையொத்த கதை உண்டு. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ரொபேர்ட் வைற் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர், ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியரைக் கொண்டு ஆயிரக்கணக்கான செடிகளை வரைவித்தார். 1838 முதல் 1853வரை அவர் வெளியிட்ட படத்தொகுதியில் மட்டும் 2101 படங்கள் உள்ளன. படங்களின் அடியில் ஓவியரின் பெயரைப் பொறித்ததோடு, ஓர்க்கிட் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையும் வைத்தார் வைற். அந்தப் பேரினப் பெயரும் அல்விசியாவைப் போலவே பின்னர் வழக்கொழிந்தது. வைற் தமது செலவிலும் சென்னையிலேயும் அச்சிடத் துணிந்தார் என்பதை நினைக்கும்போது, பேராதனைப் படங்கள் ஏன் பெட்டகத்துள் இருந்தன என்ற கேள்விக்குச் செலவு ஒன்றே பதிலாகுமா என்ற ஐயம் எழுகிறது. துவெயிற்ஸிடம் அறிவு குறையவில்லை. அச்சகம் தேடும் பிடிவாதம்தான் இல்லாமற்போயிற்று.

1876ஆம் ஆண்டின் இறுதியில் மரியான் நோர்த் என்ற ஆங்கிலச் சீமாட்டி இலங்கைக்கு வந்து சில வாரங்கள் தங்கிப் பூக்களையும் மரங்களையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். உலகம் சுற்றி அவர் வரைந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களுக்கென இலண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் தனி மண்டபமே திறக்கப்பட்டது. அந்த மண்டபத்தைக் கட்டக் காசு கொடுத்தவரும் அவரே. அவர் ஓவியத்தில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் சில வாரங்கள் தங்கியவரின் இலங்கை மண்டபச் சுவரில் தொங்க, 38 ஆண்டுகள் வரைந்தவரின் இலங்கை கட்டுக்கட்டாக அடுக்கியே வைக்கப்பட்டிருந்தது.

டி அல்விஸின் படங்களுக்கு வெளிச்சம் கொடுத்தவர் ஹென்றி டிரைமென். துவெயிற்ஸுக்குப்பின் 1880இல் பேராதனைக்கு வந்த இவர், இலங்கைத் தாவரங்களின் கைநூலை எழுதத் தொடங்கி, 1893இல் முதற்தொகுதியை வெளியிட்டார். நூலோடு சேர்ந்து வந்த படத்தொகுதியில் 100 படங்கள் உள்ளன. அவை பேராதனையில் டி அல்விஸ் குடும்பத்தினர் வரைந்தவற்றிலிருந்து தேர்ந்தவை. இரண்டாயிரத்தில் நூறு. அப்போது ஹார்மானிஸ் நூறு வயதைக் கடந்து இன்னும் உயிரோடிருந்தார். மறு ஆண்டு, 1894இல், அவர் மறைந்தார். டிரைமெனும் நூலை முடிக்காமலே 1896இல் பேராதனையில் இறக்க, எஞ்சிய தொகுதிகளைக் கியூ தோட்டத்தின் முன்னாள் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் தமது எண்பதாவது வயதுக்குப்பின் எழுதி 1900இல் நிறைவு செய்தார்.

யாழ்ப்பாணத்தின் சொல்லும் பேராதனையின் கோடும் சந்தித்தது இந்தக் கைநூலில்தான். டிரைமென் ஒவ்வொரு செடிக்கும் கிடைத்த இடங்களில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் கொடுத்தார். வரண்ட நிலத்துச் செடிகள் எங்கே வளர்கின்றன என்று சொல்லுமிடங்களில் யாழ்ப்பாணம் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. மூனின் பட்டியலில் சிங்களப் பெயர்களுக்கே முதன்மை. எழுபது ஆண்டுகளுக்குப்பின் தமிழ் அதில் இடம்பிடித்தது. ஆனால் படங்களைப் பொறுத்தவரை குடாநாட்டுக்குக் கிடைத்தது குறைவே. பேராதனையின் கிளைத் தோட்டங்கள் ஹக்கலையிலும் ஹெனரத்கொடையிலும் அனுராதபுரத்திலும் பதுளையிலும் அமைந்தன, யாழ்ப்பாணத்தில் அமையவில்லை. பேராதனைக் காட்டில் அன்று காலை பறித்த பூ அன்றே ஓவியரின் முன் இருந்தது. சண்டிலிப்பாயில் பறித்த பூ, மாட்டுவண்டிப் பாதையில் பேராதனை சேர்வதற்குள் சருகாகியிருக்கும். ஈரவலயச் செடிகள் உயிரோடு வரையப்பட்ட அளவுக்கு நமது வெளிகளின் செடிகள் வரையப்படாததற்குத் தூரமே முதற்காரணம்.

வில்லியம் டி அல்விஸ் தந்தை தொடாத மற்றொரு துறையிலும் வரைந்தார். மழைக்காலத்தில் உக்கிய மரங்களில் முளைத்துச் சில நாட்களில் அழிந்துபோகும் காளான்களும் பூஞ்சணங்களும் அவரது படங்களில் இடம்பெற்றன. துவெயிற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிய அத்தகைய மாதிரிகளை ஆராய்ந்த பார்க்லேயும் புரூமும் 1873இல் ஒரு விநோத உயிரை விவரித்தனர். அது தாவரமுமல்ல, விலங்குமல்ல, உண்மையான பூஞ்சணமுமல்ல. ஈர மரத்தில் சளிபோலப் படர்ந்து, பின் காய்ந்து, சிறு காம்புகளின் மேல் குண்டுபோன்ற விதையுறைகளை உயர்த்தும் சளிப்பூஞ்சண வகை. டி அல்விஸ் குடும்பத்தை மதித்து அதற்கு அல்விசியா பொம்பார்டா என்று பெயரிட்டார்கள். ஓர்க்கிட்டுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பேரினமும் வேறொன்றுக்குள் சேர்க்கப்பட்டது. வில்லியம் 1916இல் காலமானார்.

பிற்காலத்தில் மரபணு ஆய்வு கைவந்தபின் அறிஞர்கள் சிலர் அந்த உயிரை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். அது தனிப் பேரினமே என்பது தெளிவாயிற்று. 2014இல் அல்விசியா என்ற பெயர் முறைப்படி மீட்கப்பட்டு, அதன் கீழ் மேலும் இரண்டு புதிய இனங்களும் சேர்க்கப்பட்டன.